ஆறுபட்டைக் குழலும் ஈயக் குண்டும்



போன வாரம் ஒரு படம் போட்டிருந்தேன். காபி டின் ஒன்றில் நிறையச் சாம்பல் நிறக் குண்டுகள். அதைப் பார்த்த 1994 பேட்ச் மாணவர் ஒருவர், "சார், மகள் வீட்டுக்கு அமெரிக்கா போறேன்னு சொல்லிட்டு துப்பாக்கித் தொழில்ல இறங்கிட்டீங்களா?" என்று கேட்டிருந்தார். இன்னொருவர், "இயற்பியல் வாத்தியார் கௌபாய் ஆயிட்டார்" என்று எழுதியிருந்தார். இருவருக்கும் சேர்த்து இந்தப் பதிவு. சற்று நீளம். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இது செய்முறைக் குறிப்பு அல்ல. நம் நாட்டில் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா தயாரித்துக்கொள்ள மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்றால்தான் தேவை. அதனால் அங்கே வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து ஈயத்தை உருக்கிக் குண்டு வார்ப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். மீன் பிடிக்கப் போவது போல அது அவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு.

மகள் வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பெரியவர் அப்படிப்பட்டவர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். எண்ணெய்க் கிணறுகளில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். என் பெயர் அவர் வாயில் நுழையவில்லை என்பதால் "டீச்சர்" என்றே கூப்பிடுவார். நாற்பது வருடங்களாக ஒரு ரிவால்வருக்கும், பழைய .45 கைத்துப்பாக்கி ஒன்றுக்கும் தானே குண்டு வார்த்துச் சுடுகிறார். என்.சி.சி. அதிகாரியாகப் பதினாறு வருடம் இருந்தேன், மாணவர்களை .22 ரைஃபிள் சுடக் கூட்டிப்போவேன் என்று சொன்னதும் மனிதர் குஷியாகிவிட்டார். மறுநாளே தன் கொட்டகைக்கு அழைத்துப்போனார்.

இங்கே இளைய நண்பர்களுக்கு இரண்டு சொற்களைப் பிரித்துச் சொல்ல வேண்டும். பித்தளைக் கூடு, அதன் அடியில் பிரைமர், உள்ளே வெடிமருந்து, மேலே குண்டு, எல்லாம் சேர்ந்தது தோட்டா. குழலை விட்டுப் பறந்து போவது குண்டு மட்டும். அப்புறம் ஈயம். நம் வீட்டில் ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம். குண்டு வார்ப்பது காரீயத்தில். இரண்டும் வேறு வேறு உலோகம். ரசத்தைக் காரீயத்தில் வைத்தால் அது விஷம். இனி இந்தப் பதிவில் ஈயம் என்றால் காரீயம்தான்.

சுத்தமான ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். மிக மென்மையானது. நகத்தால் கீறினால் கோடு விழும். அதனால் குண்டு வார்ப்பவர்கள் அதில் ஆன்டிமனியும் கொஞ்சம் வெள்ளீயமும் சேர்ப்பார்கள். ஆன்டிமனி கடினம் தரும். வெள்ளீயம் இருந்தால் உருகிய உலோகம் அச்சின் மூலை முடுக்கெல்லாம் ஒழுங்காகப் போய் நிரம்பும். கடினத்தை பிரினெல் என்ற எண்ணால் அளப்பார்கள். சுத்த ஈயத்துக்கு அது 5. அமெரிக்கர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு கலவை (90 பங்கு ஈயம், 5 பங்கு வெள்ளீயம், 5 பங்கு ஆன்டிமனி) 15 வரும். கார் சக்கரத்தில் எடை சமன் செய்ய மாட்டுகிற பழைய ஈயத் துண்டுகள் 10, 12-க்குள் நிற்கும்.

பெரியவரின் அலமாரியில் ஓர் ஓரமாகச் சில கட்டிகள் தனியாக இருந்தன. "இது லைனோடைப் உலோகம். ஒரு பத்திரிகை அச்சகத்தை மூடும்போது வாங்கினேன்" என்றார். எனக்குச் சட்டென்று எங்கள் ஊர் அச்சகம் கண்முன் வந்தது. என் அப்பா அங்கே கம்பாசிட்டர். ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கிக் கோப்பார். அந்த ஈய எழுத்துகளும் ஈயம், ஆன்டிமனி, வெள்ளீயம் மூன்றும் கலந்தவைதான். கல்யாணப் பத்திரிகை அச்சடித்த உலோகத்தின் தம்பி இங்கே குண்டாகிறான் என்று பெரியவரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். லைனோடைப் கலவையின் கடினம் 22 அளவில் இருக்கும். இந்த எண் பிறகு தேவைப்படும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

மாப்பிள்ளைக்கு கிரீன் கார்டு கிடைத்த பிறகு 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி ஒன்று வாங்கியிருந்தார். பெரியவரோடு சேர்ந்து மாதம் இரண்டு முறை ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போவார். அந்த மனிதருக்கு மாப்பிள்ளை மேல் தனிப் பிரியம். பாசத்தில், மாப்பிள்ளையின் துப்பாக்கிக்கென்று இருநூறு தோட்டாக்களைத் தன் கையால் செய்து கொடுத்தார். அதற்கான மேல் குண்டுகள்தான் படத்தில் நீங்கள் பார்த்த டின்.

சிக்கல் இதுதான். மாப்பிள்ளையின் துப்பாக்கியோடு வந்த கையேட்டில், ஈயக் குண்டு பயன்படுத்தாதீர்கள் என்று இருந்தது. மறுபடி நிரப்பிய தோட்டாவும் வேண்டாம் என்றும் இருந்தது. பெரியவரோ, "அதெல்லாம் வக்கீல்கள் எழுதுவது. பத்து வருடம் முன் நண்பன் ஒருவனின் துப்பாக்கியில், இதே மாதிரிக் குழலில், ஈயம் சுட்டேன். ஒன்றும் ஆகவில்லையே!" என்றார். மாப்பிள்ளைக்கு இரண்டு பக்கமும் நியாயமாகப் பட்டது. இலவசமாகக் கிடைத்த இருநூறு தோட்டா வேறு. மகள் மட்டும் என்னிடம் தனியாக வந்து, "அப்பா, நான் சொன்னா பயந்தாங்கொள்ளின்னு சிரிக்கிறார். நீங்க சொன்னா கேட்பார்" என்றாள்.

நீங்களும் மாமனாராக இருந்தால் என் நிலைமை புரியும். மகனாக இருந்தால் "வேண்டாம்டா" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். மாப்பிள்ளையிடம் அப்படிப் பேச முடியாது. மேலும், காரணம் தெரியாமல் "கையேட்டில் போட்டிருக்கிறது, சுடாதீங்க" என்று சொல்வதும் எனக்குப் பிடிக்காது. வகுப்பில் 34 வருடம் அப்படிச் சொன்னதில்லை. எனவே காரணத்தைத் தேடினேன்.

துப்பாக்கிக் குழலின் உள்ளே சுழல் வரிகள் இருக்கும். ரைஃபிளிங் என்று பெயர். பம்பரம் சுற்றினால் சாயாமல் நிற்பது போல, குண்டு சுழன்றுகொண்டே போனால் தலைகீழாகப் புரளாமல் நேராகப் போகும். அந்தச் சுழற்சியைக் கொடுப்பது இந்த வரிகள். வழக்கமான குழலில் இவை சதுர விளிம்புள்ள மேடும் பள்ளமுமாக இருக்கும். மேடுகளின் கூர் விளிம்பு குண்டின் உடம்பில் பதிந்து, பல் பிடித்தது போல அதைத் திருப்பும்.

பலகோணக் குழலில் அந்தக் கூர் விளிம்பு இல்லை. குறுக்கே வெட்டிப் பார்த்தால், மூலைகள் மழுங்கிய ஓர் அறுகோணம் போல இருக்கும். நம் ஊர் லேத் பட்டறைக்காரர்கள் பார்த்தால் ஆறுபட்டை என்பார்கள். அந்த ஆறுபட்டையே குழல் நெடுகத் திருகிக்கொண்டு போகும். கடினமான அச்சுத் தண்டின் மேல் எஃகுக் குழலை வைத்துச் சுற்றிலும் சுத்தியலால் அடித்து இந்த வடிவம் கொடுக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனியில் வளர்ந்த முறை அது. ஆஸ்திரிய ராணுவம் 1982-ல் தேர்ந்தெடுத்த க்ளாக் 17 வந்த பிறகு இந்தக் குழல் உலகமெங்கும் பரவியது. ஹெக்லர் அண்ட் கோக், கார் போன்ற நிறுவனங்களும் இதைப் பயன்படுத்தின. மாப்பிள்ளையின் துப்பாக்கியும் இந்த வகைக் குழல் கொண்டதுதான். தயாரித்தவர் பெயர் இங்கே தேவையில்லை. குறை அவர்களுடையது இல்லை.

செப்பு உறை போட்ட குண்டுக்கு இந்தக் குழல் நன்றாகப் பொருந்தும். வாயு கசிய இடம் குறைவு, அழுக்கு தங்க மூலை குறைவு, குழல் நீண்ட நாள் உழைக்கும். உறை இல்லாத வெறும் ஈயக் குண்டுக்கு என்ன ஆகும்?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த வகை 9 மி.மீ. குழல்களில் குண்டு 250 மில்லிமீட்டர் நகர்ந்தால் ஒரு முழுச் சுற்று சுற்றும். வெளியே வரும் வேகம் நொடிக்கு சுமார் 350 மீட்டர். 350 மீட்டரை 0.25 மீட்டரால் வகுத்தால் 1,400. அதாவது குண்டு நொடிக்கு 1,400 சுற்று வேகத்தில் சுழன்றுகொண்டு வெளியேறுகிறது. ஆனால் குழலின் நீளமே 114 மில்லிமீட்டர் அளவுதான். குழலுக்குள் அது அரைச் சுற்றுகூடச் சுற்றுவதில்லை! அசையாமல் இருந்த ஒரு பொருள், அரைச் சுற்று முடிவதற்குள், ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில், அந்தச் சுழற்சி வேகத்தைப் பிடித்தாக வேண்டும். எவ்வளவு முரட்டுத்தனமாக அதைத் திருப்ப வேண்டியிருக்கும் என்று யோசியுங்கள்.

செப்பு உறை அதைத் தாங்கும். மென்மையான ஈயம், பிடிக்கக் கூர் விளிம்பு இல்லாத வழுவழுப்பான மேட்டில், திரும்புவதற்குப் பதில் வழுக்கிக்கொண்டு நேராக ஓடப் பார்க்கும். வழுக்கும்போது உரசும். உரசும் இடத்தில் ஈயம் குழலில் ஒட்டும். குண்டு குழலைவிடத் துளி சிறியதாக இருந்தால் இன்னும் மோசம். பின்னாலிருந்து வரும் சூடான வாயு இடுக்கில் புகுந்து குண்டின் ஓரத்தை அரித்து, அந்த ஈயத்தையும் குழலில் பூசிவிடும்.

ஒட்டினால் என்ன, துடைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் அடுத்த குண்டு அந்த ஈயத்தின் மேல்தான் போகிறது. அதுவும் கொஞ்சம் விட்டுவிட்டுப் போகிறது. உப்புத் தண்ணீர்க் குழாயில் உப்புப் படிவது போல, வழி சுருங்கிக்கொண்டே வரும். 9 மி.மீ. தோட்டாவுக்கு அமெரிக்கத் தரநிர்ணயம் விதித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. நம் வீட்டு பிரஷர் குக்கரில் விசில் வரும்போது 15 பவுண்டு. கிட்டத்தட்ட 2,300 மடங்கு. வழி சுருங்கினால் அந்த அழுத்தம் இன்னும் ஏறும். இன்னொரு வழியிலும் ஆபத்து வரலாம். குழலின் தொடக்கத்தில், சேம்பருக்குச் சற்று முன்னால் ஈயம் திரண்டுவிட்டால் அடுத்த தோட்டா முழுசாக உள்ளே போய் உட்காராது. பின்பக்கம் துளி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் வெடித்தால், தாங்க எஃகுச் சுவர் இல்லாத இடத்தில் பித்தளைக் கூடு கிழியும். வாயு சுடுபவரின் கைப்பிடிப் பக்கமே திரும்பும். கையும் கண்ணும் அங்கேதான் இருக்கின்றன.

அப்படியென்றால் ஈயமும் பலகோணமும் ஜென்மப் பகையா? அதுவும் இல்லை. சரித்திரத்தைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். திருகாணி மரைக்கு முதன்முதலில் தரம் வகுத்த விட்வொர்த்தை ஐ.டி.ஐ. படித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதே ஜோசப் விட்வொர்த் 1850-களில் ஓர் அறுகோணக் குழல் ரைஃபிள் செய்தார். 1860-ல் விம்பிள்டனில் விக்டோரியா மகாராணி அதைக் கொண்டு 400 கஜத்தில் சுட்டார். ரைஃபிளைத் தாங்கியில் பூட்டி வைத்திருந்தார்கள், அவர் கயிற்றை இழுத்தார். குண்டு மையத்துக்கு மிக அருகே பட்டது. அந்த ரைஃபிள் சுட்டது ஈயக் குண்டைத்தான். குழலின் வடிவத்துக்கே பொருந்துமாறு குண்டையும் ஆறுபட்டையாகச் செய்திருந்தார்கள்.

நாங்கள் என்.சி.சி.யில் தூக்கிச் சுமந்த .303 ரைஃபிளுக்கும் இப்படி ஒரு முன்கதை உண்டு. அதன் மூதாதை 1888-ல் வந்த லீ-மெட்ஃபோர்டு. மெட்ஃபோர்டு என்பவர் வகுத்த அதன் வரிகள் ஆழம் குறைந்தவை, விளிம்பு உருண்டவை. கருமருந்தின் கரி தங்காமல் இருக்க அப்படிச் செய்தார். பிறகு கார்டைட் என்ற புது வெடிமருந்து வந்தது. அதன் சூட்டில் அந்த மெல்லிய வரிகள் சீக்கிரம் தேய்ந்துபோயின. 1895-ல் ஆழமான வரிகள் கொண்ட லீ-என்ஃபீல்டு வந்தது. மெட்ஃபோர்டு வகுத்த வரி, அது எந்த மருந்துக்காக வகுக்கப்பட்டதோ அதற்கு நன்றாகத்தான் வேலை செய்தது. மருந்து மாறியதும் பொருத்தம் போய்விட்டது.

ஆக, பார்க்க வேண்டியது பொருத்தம். குண்டின் கடினம், குண்டின் விட்டம், வேகம், குழலின் வடிவம் நான்கும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். இதனால்தான் அமெரிக்காவிலேயே இந்த விஷயத்தில் இரண்டு கட்சி இருக்கிறது. "ஆயிரக்கணக்கில் சுட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்பவரும் பொய் சொல்லவில்லை. "குழல் ஈயத்தால் அடைத்துப்போனது" என்பவரும் பொய் சொல்லவில்லை.

மாப்பிள்ளையிடம் இந்த விரிவுரை எதையும் நான் செய்யவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, "மாப்பிள்ளை, இன்னைக்கு நானும் ரேஞ்சுக்கு வரலாமா?" என்று கேட்டேன்.

"வாங்க மாமா, தாராளமா!" என்றார்.

"ஒரே ஒரு வேண்டுகோள். இருபது ரவுண்டுக்கு ஒரு தடவை நிறுத்திட்டு, குழலைக் கழற்றி உள்ளே பார்ப்போமா? எனக்கு இது பிராக்டிகல் வகுப்பு மாதிரி."

அவர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். பெரியவரும், "டீச்சர் பரிசோதனை செய்கிறார், செய்யட்டும்" என்றார்.

முதல் இருபது. மேகசினைக் கழற்றி, சேம்பர் காலி என்று இரண்டு பேர் பார்த்த பிறகு, குழலைத் தனியே எடுத்தார்கள். ஒரு முனைக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்து மறுமுனை வழியாகப் பார்த்தேன். சேம்பரை அடுத்து மங்கலாக ஏதோ கோடு. புகையா ஈயமா என்று சொல்ல முடியவில்லை. குண்டுகள் அட்டையில் ஓரளவு கூட்டமாகத்தான் பட்டிருந்தன. பெரியவர் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

இரண்டாவது இருபது. இப்போது சந்தேகமில்லை. ஆறு பட்டைகளில் மூன்றின் மேல் சாம்பல் நிறத்தில் நீளக் கீற்றுகள். அட்டையில் குண்டுகள் பரவலாகப் பட்டிருந்தன. இரண்டு துளைகள் வட்டமாக இல்லாமல் கொஞ்சம் நீள்வட்டமாக இருந்தன. அதாவது குண்டு நேராகப் போகாமல் சாய்ந்துகொண்டு போய்ப் பட்டிருக்கிறது. சுழற்சி போதவில்லை. வழுக்கல் என்று நான் தாளில் போட்ட கணக்கு அட்டையிலேயே தெரிந்தது.

மாப்பிள்ளை குழலை வாங்கிப் பார்த்தார். எதுவும் பேசவில்லை. பெரியவர் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ரொம்ப நேரம் பார்த்தார். ரேஞ்சில் இருந்த ஓர் இளைஞர், "நாலு செப்பு உறைக் குண்டு சுட்டால் ஈயத்தைத் தள்ளிக்கொண்டு போய்விடும்" என்று யோசனை சொன்னார். அங்கே பலர் நம்பும் வைத்தியம் அது. பெரியவர் அவரைத் திரும்பிப் பார்த்து, "அடைத்த குழாயில் அழுத்தத்தைக் கூட்டிப் பார்க்கச் சொல்கிறாயா?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு மேலே ஒரு ரவுண்டும் சுடவில்லை.

கொட்டகைக்குத் திரும்பி, பாத்திரம் தேய்க்கிற செம்புக் கம்பிச் சுருளிலிருந்து சில இழைகளைப் பிரித்துக் குழல் பிரஷ்ஷில் சுற்றித் தேய்த்தார். அந்தச் சுருள் உண்மையிலேயே செம்புதானா, செம்பு பூசிய எஃகா என்று ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்துக்கொண்டார். எஃகு என்றால் குழலைக் கீறிவிடும். ஐந்தாறு முறை இழுத்ததும் தாளில் மெல்லிய ஈயத் தகடுகள் உதிர்ந்தன. மீன் செதில் போல இருந்தன. நாற்பது ரவுண்டில் அவ்வளவு.

பிறகு அவரே காரணத்தைக் கண்டுபிடித்தார். மாப்பிள்ளைக்காக வார்த்தது ரிவால்வருக்கு வழக்கமாகப் பயன்படுத்தும் அதே கலவை, சக்கர எடைத் துண்டு. மெதுவாகப் போகும் ரிவால்வர்க் குண்டுக்கு அது போதும். 9 மி.மீ.யின் அழுத்தத்துக்கு மென்மை. பத்து வருடம் முன் நண்பரின் துப்பாக்கியில் சுட்டது லைனோடைப் கலவை. அன்றைக்குச் சுட்டதும் முப்பது ரவுண்டுதான். மென்மையான ஈயத் துண்டு ஒன்றை மாப்பிள்ளையின் குழல் வழியாகத் தட்டி அனுப்பி அளந்து பார்த்தார். இவர் வார்த்த குண்டு அந்தக் குழலுக்கு இறுக்கமாகவும் இல்லை. கடினத்தை மட்டும் கூட்டினால் சரியாகிவிடும் என்று நினைப்பது தவறு என்றும், அளவு சரியில்லாத கடினக் குண்டும் ஈயத்தைப் பூசும் என்றும் அவரே சொன்னார். நாற்பது வருட அனுபவம் சும்மா இல்லை.

"என் கையில் இருந்தால் இதைச் சரி செய்து சுடுவேன்" என்றார். "கலவையை மாற்றுவேன், அளவை மாற்றுவேன், இருபதுக்கு ஒரு முறை உள்ளே பார்ப்பேன். ஆனால் டீச்சர், உங்கள் மருமகனின் கைக்கு இதை இனித் தரமாட்டேன். அவர் வேலை முடிந்து களைப்பாக வருவார். ஒரு நாள் பார்க்க மறப்பார்."

இந்த வார்த்தையைத்தான் நான் இந்தப் பதிவில் உங்களுக்குக் கொடுக்க நினைத்தேன்.

ஒரு விதியை மீறிவிட்டு ஒன்றும் ஆகாமல் போனால், விதி தவறு என்று நமக்குத் தோன்றுகிறது. உடனே வெடிக்கும் ஆபத்துக்கு அந்த நியாயம் ஓரளவு சரி. கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும் ஆபத்துக்கு அது சரிப்படாது. முதல் ரவுண்டு எதையும் சொல்லாது. இருபதாவதும் தெளிவாகச் சொல்லாது. ஒவ்வொரு முறையும் "ஒண்ணும் ஆகலையே" என்று சொல்லிக்கொண்டே அடுத்த அடுக்கை நாமே பூசுகிறோம். கேஸ் டியூபை வருடக்கணக்கில் மாற்றாதவர்களும், தேய்ந்த டயரில் மதுரை வரை போய்வந்தவர்களும், சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு "நல்லாத்தானே இருக்கேன்" என்பவர்களும் பேசுவது இதே வாக்கியம்தான். உள்ளே பார்க்கிற பழக்கம் உள்ளவருக்கு ஒரு விதி, பார்க்காதவருக்கு ஒரு விதி. கையேடு எழுதுபவர் பார்க்காதவரை நினைத்து எழுதுகிறார். அதில் கேலி செய்ய ஒன்றுமில்லை.

இன்னொரு விஷயமும் அன்று பேசினோம். பேத்திக்கு இரண்டு வயது. கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குப் போகிற வயது. குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2021-ல் அளவைக் குறைத்தது. அதற்கு முன் 5 ஆக இருந்தது. உருக்கும்போது வரும் ஆவிதான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். அளவோடு சூடாக்கும்போது அதைவிட மேலே மிதக்கும் கசடும், தூசியும், கழுவாத கையும்தான் பெரிய ஆபத்து. பிரைமர்களில் பெரும்பாலானவற்றிலும் ஈயச் சேர்மம் உண்டு, அதனால் ரேஞ்சுத் தூசியிலும் ஈயம் இருக்கும். இதைச் சொன்னதும் மாப்பிள்ளை தாமாகவே ஓர் ஏற்பாடு செய்தார். ரேஞ்சுக்குப் போட்ட செருப்பும் சட்டையும் கராஜிலேயே நிற்கும். கை முகம் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் குழந்தையைத் தூக்குவார். இதை நானோ மகளோ சொல்லவில்லை.

அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்கு நான் புரிந்துகொண்டதைச் சுருக்கமாகத் தருகிறேன். உங்கள் துப்பாக்கியின் குழல் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பலகோணம் என்றால் செப்பு உறை போட்ட தொழிற்சாலைத் தோட்டாவே நிம்மதி. ஈயம் சுட்டே ஆக வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் பலர் வழக்கமான வரி கொண்ட மாற்றுக் குழல் வாங்கிப் பொருத்திக்கொள்கிறார்கள். குண்டின் மேல் பாலிமர் பூச்சு ஏற்றுகிறவர்களும் உண்டு. வழக்கமான குழலிலும் ஈயம் படியும் என்பதால் அதையும் பார்க்க வேண்டும். எவ்வளவு பிரியமானவர் கொடுத்தாலும், இன்னொருவர் கையால் நிரப்பிய தோட்டாவை உங்கள் துப்பாக்கியில் போடாதீர்கள். வீட்டில் குழந்தை இருந்தால் துப்பாக்கி பூட்டிய பெட்டியில் இருக்கட்டும், தோட்டா வேறொரு பூட்டில் இருக்கட்டும்.

மீதி நூற்று அறுபது தோட்டாக்களையும் பெரியவர் திரும்ப வாங்கிக்கொண்டார். குண்டுகளைப் பிடுங்கி எடுத்து மறுபடி உருக்கி ரிவால்வருக்கு வார்ப்பாராம். அந்த நாளுக்குப் பிறகு அவருக்கும் மாப்பிள்ளைக்கும் பிரியம் குறையவில்லை. முன்பைவிடக் கூடியிருக்கிறது என்றுதான் சொல்வேன். இப்போது ரேஞ்சுக்குப் போனால் யாரும் சொல்லாமலேயே மாப்பிள்ளை குழலைக் கழற்றி வெள்ளைத் தாளைப் பிடிக்கிறார். செப்பு உறைக் குண்டு சுட்டாலும் பிடிக்கிறார்.

அடுத்த மாதம் 12-ம் தேதி ஊர் திரும்புகிறேன். மரை, வரி, அழுத்தம் பற்றிக் கேள்வி இருப்பவர்கள் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். வேறு எதற்கும் இல்லாவிட்டாலும், இன்று வீட்டு கேஸ் டியூபில் அச்சிட்டிருக்கும் தேதியை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்